கத்தோலிக்க இல்லத்தில் கிறிஸ்துமஸ் நூல்கள்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் படிக்கத்தக்க நூல்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "பட்டியலை வாசித்துவிட்டு இறங்கிவிடுவீர்களா?" என்று கேட்டார். பட்டியல் மட்டும் வேண்டுவோர் எந்தத் திருத்தலத்துப் புத்தகக் கடையிலும் விலையோடு சேர்த்து அதை வாங்கிக்கொள்ளலாம். என் உள்ளத்தில் உள்ள கேள்வி வேறு. குடில் அமைத்து, வாசலில் விண்மீன் விளக்கைத் தொங்கவிட்ட ஒரு வீட்டில், இரவுச் செபம் முடிந்தபின் யாரேனும் ஒருவர் ஒரு நூலை எடுத்து வாய்விட்டுப் படிக்கிறார் என்று கொள்வோம். பகல் முழுதும் தீப்பெட்டி ஆபீசிலோ பட்டாசு ஆலையிலோ அச்சகத்திலோ உழைத்துத் திரும்பியவர்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். எந்த நூல் அவர்களைத் தூங்கவிடாது? எந்த நூலில் அவர்கள் தங்கள் வீட்டையும் காண்பார்கள்?

நம் வட்டாரம் அச்சுக்குப் பேர் பெற்றது. 1923ஆம் ஆண்டையொட்டி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை நாம் அனைவரும் அறிந்தது. தீப்பெட்டிக்கு ஒட்டும் லேபிள் வேண்டும் என்பதற்காகவே இங்கே கல்லச்சு வந்தது. லேபிளுக்கு வந்த அச்சு பின்னர் நாட்காட்டிக்கும் நாட்குறிப்புக்கும் வாழ்த்து அட்டைக்கும் வளர்ந்தது. ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகள் சிவகாசியில் வெளியாகிவிடும். மாட்டுத் தொழுவத்தையும் மூன்று அரசர்களையும் எத்தனை வண்ணங்களில் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பியிருக்கிறோம்! கைப்பேசி வந்து வாழ்த்து அட்டையின் வாழ்வைச் சுருக்கிவிட்டது. அது தனிக் கதை. ஆயினும் நான் சென்று பழகிய கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் சுவரில் நாட்காட்டி இருக்கிறது. மாடத்தில் விவிலியமும் செபப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் இருக்கின்றன. நூலடுக்கு அத்தோடு நின்றுவிடுகிறது. ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுப்பவர் வீட்டில் படிக்க நூல் இல்லை.

இதை வறுமையின் மேல் ஏற்றிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. தமிழ்க் கத்தோலிக்க நூலின் பிறப்பே உழைக்கும் மக்களின் கைப்பொருளால் நிகழ்ந்தது. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி முடிந்த 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சேறி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அதுவே. அதைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக் அடிகளார் போர்த்துகல் நாட்டவர். ஆனால் அச்சுப் பணிக்குப் பொருள் தந்து உதவியவர்கள் முத்துக்குளித்துறை மக்கள். மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்கள், தங்கள் பிள்ளைகள் செபம் கற்கப் புத்தகம் வேண்டும் என்று காசு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1586இல் அதே அண்டிரிக் அடிகளார் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலை அச்சிட்டார். அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட உரைநடை. ஆண்டின் திருநாட்களையும் புனிதர்களின் வாழ்வையும் எளிய தமிழில், கடற்கரை மக்கள் பேசிய சொற்களைத் தள்ளாமல் சொல்கிறது. தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் பலர் இந்நூலைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்த அதைத் தமிழுலகுக்கு நினைவூட்டியவர் தனிநாயகம் அடிகள். 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்துத் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியே வெளியிட்டார்.

அந்த நூல்கள் தனியே அமர்ந்து கண்ணால் படிப்பதற்காக எழுதப்படவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுத்தறிந்தவர் ஒருவர் படிப்பார், ஊர் கேட்கும். ஈழத்தில் பணியாற்றிய கோவா நாட்டுக் குரு சாங்கோபாங்க அடிகளார், அதாவது யாக்கோமே கொன்சால்வெஸ், இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு, கேட்டோரைக் கண்ணீர்விடச் செய்தது. மன்னார்ப் பகுதியில் மூன்று அரசர்களின் கதை 'மூவிராசாக்கள் வாசகப்பா' என்று கூத்தாக ஆடப்பட்டது. நம் பக்கத்தில் உபதேசியார் 'சின்னக் குறிப்பிட'த்தைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் பலருக்கு முழுச் செபமாலையும் பிரார்த்தனையும் வாயில் நின்றன. இன்று எழுத்தறிவு பெருகியிருக்கிறது. வாய்விட்டுப் படிக்கும் வழக்கம் அருகிவிட்டது. ஆகவே நூலைத் தெரிவு செய்ய நான் வைக்கும் உரைகல் ஒன்றுதான்: அதைக் குடும்பம் கூடியிருந்து செவியால் கேட்க முடிய வேண்டும்.

அந்த உரைகல்லில் முதலில் நிற்பது விவிலியமே. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் இயலை ஒரு பெண்ணைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்யுங்கள். மக்கள்தொகைக் கணக்கு, அரசு ஆணை, நிறைமாதக்காரியின் பயணம், விடுதியில் இடமின்மை, இரவுக் காவல் செய்யும் இடையர்கள்: இவ்வளவும் சில வரிகளில் வந்துவிடுகின்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் பிற திருச்சபையாரும் சேர்ந்து உழைத்து உருவாக்கியது. அதன் தமிழ் தெளிந்த தமிழ். பழைய மொழிபெயர்ப்பின் வடசொல் ஓசையில் பக்தி கண்ட முதியவர்கள், புதியதில் ஈரம் குறைவு என்று முணுமுணுப்பதுண்டு. அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எனினும் பத்து வயதுப் பிள்ளை தடுக்காமல் படிக்கிறதே, அந்த நன்மைக்காக நான் புதியதையே கையில் எடுக்கிறேன்.

இனித் தேம்பாவணிக்கு வருகிறேன். இந்த உரையை ஏற்றுக்கொண்டதே அதற்காகத்தான்.

கான்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் இத்தாலி நாட்டவர், 1680இல் பிறந்தவர். தமிழகம் வந்த தொடக்க ஆண்டுகளில் அவர் பணியாற்றிய ஊர்களுள் ஒன்று காமநாயக்கன்பட்டி. கோவில்பட்டிக்கு அருகே, நமக்கு எட்டிப் பிடிக்கும் தொலைவில், இதே கரிசல் மண்ணில் இருக்கிறது. ஆகஸ்டு 15 அன்று பரலோக மாதா திருவிழாவுக்கு நம் ஊர்களிலிருந்து நடந்தே செல்வோர் இன்றும் உண்டு. அங்கு செல்லும் நம் மக்களில் எத்தனை பேர், அந்த மண்ணை மிதித்த ஒருவர் மூன்று காண்டங்களில், முப்பத்தாறு படலங்களில், 3,615 பாடல்களில் ஒரு தமிழ்க் காப்பியம் பாடியிருக்கிறார் என்பதை அறிவார்கள்?

காப்பியத் தலைவன் இயேசு அல்லன் என்பதே முதல் வியப்பு. தச்சுத் தொழிலாளியான சூசையப்பர்தான் தலைவன். அவருக்கு 'வளன்' என்று அழகு தமிழில் பெயர் சூட்டினார் முனிவர். ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்தா மரியாள் எழுதிய நூலின் செய்திகளைப் பெரிதும் தழுவினாலும், நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கி, கம்பனையும் சிந்தாமணியையும் தோய்ந்து கற்ற ஒருவரின் கைத்திறன் பாடல்தோறும் தெரிகிறது. 1726இல் முற்றுப்பெற்ற இக்காப்பியம் ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு ஏட்டிலேயே கிடந்து, 1851 முதல் புதுச்சேரியில் அச்சேறியது.

முழுவதையும் வீட்டில் படிக்க முடியாது, அதை ஒப்புக்கொள்வோம். திருவிழாக் காலத்துக்கு இரண்டே இடங்களை நான் எடுத்துக் காட்டுவேன்.

முதலாவது, சூசையின் ஐயம். மத்தேயு நற்செய்தி இதனைச் சில வரிகளில் கூறி அப்பால் செல்கிறது. மணமுறையில் இணையுமுன் மரியா கருவுற்றிருக்கிறாள். நேர்மையாளனாகிய கணவன் அவளை ஊரறிய இழிவுபடுத்த விரும்பாமல் மறைவாக விலகிவிட நினைக்கிறான். வானதூதர் கனவில் தோன்றித் தெளிவிக்கிறார். அந்தச் சில வரிகளுக்கு முனிவர் ஐயந் தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் என்று இரு படலங்களை ஒதுக்குகிறார். ஒரு நல்ல மனிதனின் உள்ளம் ஓர் இரவில் எத்தனை முறை கரையேறி எத்தனை முறை மூழ்கும் என்பதை அங்கே காண்கிறோம். கம்பனின் மீட்சிப் படலத்தை நினையாமல் இப்படலங்களைப் படிக்க என்னால் இயலவில்லை. அங்கே ஐயம் அவையில் சொல்லாக வெடிக்கிறது. தேவி தீப்புக வேண்டியதாகிறது. இங்கே கணவன் ஐயத்தைத் தன் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டுகிறான். எரிவதானால் தானே எரியத் துணிகிறான். மனைவியின் பேர் வீதிக்கு வரக்கூடாது என்பதில் உறுதியாக நிற்கிறான். கம்பனைக் கற்றவர் கம்பனுக்கு எதிரே வேறொரு கணவனை நிறுத்திப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெண்ணின் பேரைத் தெருவில் இழுக்கும் வழக்கம் நம் ஊர்களில் ஒழிந்துவிட்டதா? கிறிஸ்துமஸ் குடிலில் ஓரமாக, கையில் கோலோடு நிற்கும் அந்தச் சூசையின் சிலையைப் பார்க்கும் நம் இளைஞர்கள், அவர் எதைக் கடந்து வந்து அங்கே நிற்கிறார் என்பதை இந்தப் படலங்களால் அறிவார்கள்.

இரண்டாவது, கருணையன் தாயை இழந்து புலம்பும் இடம். திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் தந்த பெயர் கருணையன். காட்டில் தாய் எலிசபெத்தோடு வாழ்ந்த பிள்ளை, தாய் இறந்ததும் அவளை மலர்ப் படுக்கையில் கிடத்தி மண்ணில் அடக்கம் செய்துவிட்டுத் தனித்து நின்று அழுகிறான். உயிர் பிழைக்கும் வழி தெரியாது, உடலுக்கு உணவு தேடத் தெரியாது, கானகத்தின் தடம் தெரியாது. அறிந்ததெல்லாம் தாயின் கை காட்டிய முறை ஒன்றே, அந்தக் கையும் போய்விட்டது என்பது அவன் புலம்பலின் சாரம். மணி பிடிக்குமுன் மழையின்றிக் காய்ந்துபோன பயிரைப் போல ஆனேன் என்றும் அவன் சொல்கிறான். இத்தாலியில் பிறந்தவருக்கு இவ்வுவமை எங்கே கிடைத்தது? நூல்களில் கிடைத்திருக்கலாம். காமநாயக்கன்பட்டிக் கரிசலில், வானம் பார்த்த பூமியில், தலைகவிழ்ந்து நின்ற கம்பங்கதிரைப் பார்த்துக் கிடைத்தது என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. ஆராய்ச்சியாளர்கள் பொறுத்தருள்க.

இப்பகுதி இப்போது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றிருக்கிறது. சாதி, சமய வேறுபாடின்றித் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் அதைப் படிக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பாட்டு தேர்வுத்தாளைத் தாண்டி நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு என்னவாகிறது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இவை நாடறிந்தவை. ஒருவர், இருவர் என்று நிகழ்ந்து மறுநாள் நாளேட்டில் நான்கு வரியாகி மறைந்தவை எத்தனையோ. மருந்துக் கலவையிலும் உராய்விலும் எழும் தீ, காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு வேன் ஏறிப் போன தாயை மாலையில் திருப்பித் தருவதில்லை. அவ்வாறு தாயைப் பறிகொடுத்த பிள்ளை, தாயின் கைமுறை மட்டுமே அறிந்த பிள்ளை, நம் ஊர்ப் பள்ளிகளில் கருணையனின் புலம்பலை எழுந்து நின்று படிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு முனிவர் சொல் கொடுத்திருக்கிறார். துயரத்துக்குச் சொல் கிடைப்பது சிறிய உதவியன்று. நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

பண்டிகை நாளில் சாவின் பாட்டா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் திருச்சபையின் நாட்காட்டியையே பாருங்கள். டிசம்பர் 25 பிறப்பு விழா. மறுநாள் கல்லெறிபட்டு இறந்த ஸ்தேவான். 28ஆம் நாள் ஏரோதால் வெட்டுண்ட மாசில்லாக் குழந்தைகள். தொட்டிலுக்கு மூன்று நாள் தள்ளிப் பிணவாடை. கொண்டாட்டத்தின் நடுவே இழந்தவர் வீட்டை மறவாமலிருக்க முன்னோர் கண்ட ஏற்பாடு அது என்று கொள்கிறேன். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பேரியம் உப்புக்குத் தடை விதிக்கப்பட்டு, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தனவே, அந்த டிசம்பரில் நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் புத்தாடை இல்லை! அன்று அந்த வீடுகளில் சென்று விருந்து நிறைந்த கதைகளை யார் படித்திருக்க முடியும்? விடுதியில் இடம் கிடைக்காத குடும்பத்தின் கதையைப் படிக்கலாம்.

தேம்பாவணி கடினம், உரை இல்லாமல் நடவாது என்போருக்குக் கண்ணதாசன் இருக்கிறார். 'இயேசு காவியம்' கவிஞர் 1981இல் மறைந்தபின், 1982இல் திருச்சி கலைக்காவிரியின் முயற்சியால் வெளிவந்தது. 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதிய கை இதையும் எழுதியது என்பதில் தமிழ் மண்ணின் பரந்த மனம் தெரிகிறது. அதன் எளிமைக்கு ஈடில்லை. திரைப்பாட்டின் ஓசை பழகிய செவிக்கு உரை வேண்டாம், அகராதி வேண்டாம். சில இடங்களில் ஓட்டம் மிகுந்து ஆழம் குறைகிறது. நற்செய்தியின் நிகழ்ச்சிகளை விடாமல் சொல்லியாக வேண்டும் என்ற கட்டு கவிஞரின் கையைக் கொஞ்சம் பிடித்து இழுத்திருக்கிறது. ஆனால் பிறப்புப் பகுதியைக் குடும்பத்தில் மாறிமாறிப் படித்தால் குழந்தைகள் தாளம் போடத் தொடங்கிவிடுவார்கள்.

கத்தோலிக்க இல்லம் என்பதற்காகக் கத்தோலிக்கர் எழுதியதை மட்டுமே படிக்க வேண்டும் என்ற வேலியை நான் ஒப்பேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி'யில் குறத்தி குறி சொல்கிறாள்; அதே நூலில் புதிய வானநூற் செய்திகளும் இடம்பெறுகின்றன. விண்மீன் வழிகாட்டிய விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் நூல் ஏது? கரையிருப்பில் பிறந்த கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்தையும் அடுக்கில் வைக்கலாம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யை இசையறிந்தவர் வீட்டில் பாடலாம். பின்னவர் கத்தோலிக்கர் என்பதே நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு? சிரிக்கும் நூல் ஒன்று கட்டாயம் வேண்டும். வீரமாமுனிவரின் 'பரமார்த்த குரு கதை' அதற்கென்றே பிறந்தது. குரு ஒருவர், ஐந்து சீடர்கள், அறிவு எவரிடத்தும் இல்லை. துறவி ஒருவர், அதுவும் மறைப்பணியாளர், குருவையும் சீடரையும் இப்படி நையாண்டி செய்து எழுதினார் என்பதில் உள்ள உள்ளத் துணிவைப் பெரியவர்கள் நுகரலாம். பிள்ளைகள் சிரித்தால் போதும். சற்று வளர்ந்தவர்களுக்கு, 1885இல் தல்ஸ்தோய் எழுதிய செருப்புத் தைக்கும் மார்ட்டினின் கதையைச் சொல்லலாம். ஆண்டவர் நாளை வருவார் என்று காத்திருக்கும் ஏழைத் தொழிலாளி, பனியில் நடுங்கியவனுக்குத் தேநீரும் கைக்குழந்தைக்காரிக்கு உடையும் கொடுத்துப் பொழுதைக் கழிக்கிறான். வந்தவர் யாரென்பது இரவில் விளங்குகிறது. அசிசி நகர்ப் பிரான்சிசு 1223இல் கிரேச்சியோவில் உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்த வரலாற்றை, குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போதே சொல்லிவிடலாம். புனிதர் வரலாறு வேண்டுவோர் உரோமையைத் தேடிப் போக வேண்டாம். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவுமல்லர், துறவியுமல்லர், இல்லறத்தார்.

இறுதியாக நான் எடுக்கும் நூலைப் பற்றிச் சிலருக்கு மனத்தடை இருக்கும் என்பதை அறிந்தே எடுக்கிறேன். அது பாமாவின் 'கருக்கு'. 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்தது.

பாமா நம் மாவட்டத்தவர். வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்தவர். கத்தோலிக்கத் தலித் குடும்பம். ஊரும் தெருவும், கோயிலும் மணியும், பூசையும் உபதேசமும், பனங்காடும் வயற்காடும் அந்த நூலில் நம் பேச்சு மொழியிலேயே வருகின்றன. ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யத் துறவறம் புகுந்தவர், அந்த மடத்தில் ஏழைக்கும் தலித்துக்கும் இடமில்லாமை கண்டு வெளியேறி வந்து எழுதிய நூல் அது. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கருக்கை, எபிரேயர் திருமுகம் இறைவார்த்தைக்குச் சொல்லும் இருபுறமும் கூர்மையான வாளோடு இணைத்துத்தான் ஆசிரியர் பெயர் வைத்திருக்கிறார். திருநூலை ஊன்றிப் படித்த ஒருவருக்கே அந்தப் பெயர் அகப்படும். 1994இல் வந்த 'சங்கதி'யில் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் சிறுமி ஒருத்தி வருகிறாள். மாசில்லாக் குழந்தைகள் திருநாளைக் கொண்டாடும் நாம், அந்தச் சிறுமியை எந்த நாளில் நினைப்போம்? 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள், விடியுமுன் பேருந்தில் ஏற்றிச் செல்லப்பட்ட பிள்ளைகளைக் கண்ட தலைமுறை இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறது.

திருச்சபையைக் குறை கூறும் நூலைத் திருவிழாவில் படிப்பதா என்று வினவுவோர்க்கு என் விடை இது. விடுதியில் இடமில்லை என்று கதவடைத்தவர்களின் கதையை ஆண்டுதோறும் படிக்கிறோம். அந்தக் கதவு எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்தக் கோயில் வாசலில் இன்றும் அடைபடுகிறது என்று நம் மாவட்டத்துப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். லூக்காவைப் படித்துவிட்டு இதைப் படியாமல் விடுவதற்குத்தான் காரணம் தேட வேண்டும். மொழிச் சுவைக்காகவும் சொல்கிறேன்: கரிசல் பேச்சின் மிடுக்கை வாய்விட்டுப் படிக்கும்போது, முற்றத்தில் அமர்ந்திருக்கும் பாட்டி நிமிர்ந்து உட்காருவார். அவர் சொற்கள் அச்சில் வருவதை அவர் அதுவரை கேட்டிருக்கமாட்டார்.

கேட்டுக்கொண்டிருக்கும் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. தேம்பாவணியின் ஐயப் படலங்கள் இரண்டும், மகவருள் படலமும், கருணையனின் புலம்பலும் பதம் பிரித்து, அருஞ்சொற்பொருளோடு, பெரிய எழுத்தில் ஒரு சிறு நூலாக வரவேண்டும். முனிவர் தம் காப்பியத்துக்குத் தாமே உரை எழுதி வைத்திருக்கிறார். அதைத் துணைக்கொண்டால் நம் பணி பாதியாகக் குறையும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவர் அவர் என்பது நம் அச்சுக்கோப்பவர்களுக்குத் தெரியும். இரட்டைக் கொம்பு போடும்போதெல்லாம் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கடனைத் திருப்ப நல்ல சமயம். நம் வட்டத்தில் இலக்கணம் அறிந்தோர் இருக்கிறார்கள், ஓவியர் இருக்கிறார், அச்சகத்தில் பணிபுரிவோர் ஒன்பதின்மர் இருக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்குப் பின் அச்சகங்களில் நாட்காட்டி வேலை நெருக்கும். ஆதலால் ஆனி மாதத்துக்குள் படி திருத்தி முடிய வேண்டும். வரும் டிசம்பர்க் கூட்டத்தில் கவிதை அரங்கை ஒரு மணி நேரம் சுருக்கி, கருணையனின் புலம்பலை நம் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே படிக்கச் செய்யலாம் என்று செயற்குழுவிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பதம் பிரிக்க முன்வருவோர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தந்து செல்லுமாறு வேண்டுகிறேன். ஐயந் தோற்று படலத்தை என் பங்குக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்.